வட்டக் கையெழுத்து

"இன்னொரு ஆளுக்கு நான் எங்கே சார் போவேன்?" என்று மருந்தாளுநர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தபோது, கம்பி ஜன்னலுக்கு வெளியே இருபத்தாறு பேர் சீட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"அது எனக்குத் தெரியாது," என்றது தலைமை அலுவலகத்துக் குரல். "சுற்றறிக்கை தெளிவா இருக்கு. மருந்தை எடுத்து வைக்கிறவர் ஒருத்தர். அதைச் சரிபார்க்கிறவர் இன்னொருத்தர். பதிவேட்டில ரெண்டு கையெழுத்து. இனிமே ஒரு நோயாளி கைக்கும் தப்பான மாத்திரை போகக் கூடாது."

"நல்ல விதிதான் சார். வேண்டாம்னு சொல்லலை. ஆனா இங்கே நான் ஒருத்தன்தானே?"

"ஆள் வேணும்னு எழுதுங்க. வரும்போது வரும்."

"எப்போ வரும்?"

"வரும்போது," என்றது குரல். அதோடு போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஊர்க்காரர்களுக்கு அவர் 'மாத்திரை சார்'. பதினெட்டு வருடங்களாக அந்த ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறவர். கட்டடத்தின் ஒரு பாதியில் டாக்டர் அம்மா. மறு பாதியில் இவருடைய மருந்தகம்: முன்னால் ஜன்னல் அறை, பின்னால் அலமாரிகளும் ஒரு நீள மேசையும் உள்ள உள்ளறை. பெருக்கித் துடைத்து, காலி அட்டைப்பெட்டிகளை மடித்துக் கட்டிப் போடுகிற துப்புரவு அக்காவை விட்டால், அந்தப் பாதியில் அவர் தனி ஆள்.

அன்று இரண்டு கையெழுத்தையும் அவரே போட்டார். கை கூசியது. வீட்டுக்குப் போயும் அந்தக் கூச்சம் போகவில்லை.

"நான் எடுத்ததை நானே பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியுது," என்றார் மனைவியிடம்.

மனைவி அடுப்படியில் கிளறிக்கொண்டிருந்தாள். "தெரியத்தான் செய்யும். கிளறிட்டே ருசி பாத்தா எனக்கும் உப்பு சரியாத்தான் இருக்கு. நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? அடுப்பை அணைச்சுட்டு வாசலுக்குப் போவேன். பக்கத்து வீட்டோட ரெண்டு வார்த்தை வம்பு பேசுவேன். திரும்பி வந்து, யாரோ சமைச்சதை வாயில வைக்கிற மாதிரி வைப்பேன். அப்போதான் குட்டு வெளிப்படும்."

"அப்போ நீ ரெண்டு ஆளா?"

"ஆமா. சமைக்கிறவ ஒருத்தி, குத்தம் சொல்றவ ஒருத்தி. குத்தம் சொல்ல ஏற்கெனவே நீங்க இருக்கீங்க, அது வேற."

மருந்தாளுநர் சிரிக்கவில்லை. அவருக்கு வழி கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை, பத்துச் சீட்டுகளுக்கு உரிய மருந்துகளை எடுத்துப் பத்துத் தட்டுகளில் வைத்தார். அட்டைகளை எப்போதும் போல நீளவாக்கில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நிறுத்துவது போல வரிசையாக வைத்தார். ஒவ்வொரு தட்டுக்குப் பக்கத்திலும் அதன் சீட்டு. முதல் கையெழுத்தைப் போட்டார். பிறகு வெள்ளை அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தூரப் பார்வைக் கண்ணாடியை வைத்துவிட்டுப் படிக்கிற கண்ணாடியை எடுத்துக்கொண்டார். பின்கதவு வழியாக வெளியேறித் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, டாக்டர் அம்மாவின் ஜன்னலைத் தாண்டி, சுவரோரமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, முன்வாசல் வழியாக, வேலைக்குப் புதிதாக வருகிறவர் போல உள்ளே வந்தார்.

உள்ளறை மேசை முன் நின்று, யாரோ எடுத்து வைத்ததைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

ஒன்பதாவது தட்டில் ஓர் அட்டை மட்டும் குறுக்கே கிடந்தது, 'என்னைக் கொஞ்சம் பாருங்களேன்' என்று கை காட்டுவது போல. எடுத்துப் படித்தார். சர்க்கரை மாத்திரை இருக்க வேண்டிய இடத்தில் இதய மாத்திரை. அதே அளவு அட்டை, அதே நீலக் கோடு. அலமாரியில் பக்கத்துப் பெட்டி.

மருந்தாளுநர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சீட்டுக்குரிய பெண்மணி ஜன்னலுக்கு வெளியே பேரக்குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அட்டை அவள் பையில் ஏறியிருந்தால்?

கேட்கிற உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவருக்கு மெய்சிலிர்த்துப் போயிற்று. சுவரைச் சுற்றி வந்த நூற்று நாற்பது அடிக்குள் ஒரு மனிதன் இன்னொரு மனிதனாகிவிட முடியுமா? முடிந்திருக்கிறதே!

வந்தவருக்கு மரியாதையாக ஒரு கையெழுத்து வேண்டும். தன் பெயரை இரண்டாம் முறை எழுத மனம் வரவில்லை. ஒரு வட்டம் போட்டார். சுற்றி வந்தவருக்கு அதைவிடப் பொருத்தமாக வேறு என்ன போடுவது?

அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. பத்துத் தட்டுக்கு ஒரு சுற்று.

"எங்கே போறார்?" என்று வரிசையில் புதிதாக நிற்பவர் கேட்பார்.

"ரெண்டாவது ஆளைக் கூட்டிட்டு வரப் போறார்," என்பார் பிரஷர் பெரியவர். இரத்த அழுத்த மாத்திரைக்கு மாதாமாதம் வருகிறவர். வரிசைக்குத் தன்னைத் தலைவராக நியமித்துக்கொண்டவர்.

"வர்றது அவரேதானே?"

"கண்ணாடியைப் பாருய்யா. வேற கண்ணாடி."

முதல் மாதத்தில் இரண்டாம் ஆள் ஆறு தவறுகளைப் பிடித்தார். ஒவ்வொரு முறையும் அதே அதிசயம்தான். தவறான அட்டை வரிசையில் அடங்காமல் குறுக்கே திரும்பிக் கிடக்கும். 'தப்பான பொருள் தானாகவே முறுக்கிக்கொள்ளும் போலிருக்கிறது' என்று மருந்தாளுநர் வியந்தார். 'பார்க்கத்தான் புதுக் கண் வேண்டியிருக்கிறது.'

ஆனால் வரிசை நீண்டது. நேரத்தை மிச்சப்படுத்த அவர் ஓட ஆரம்பித்தார். மூச்சிரைக்கத் திரும்பி வந்தவரைத் துப்புரவு அக்கா வாளியோடு மறித்தாள்.

"ஓடாதீங்க சார். மெதுவா சுத்திட்டு வாங்க. அவசரத்துல என்ன தெரியும்?"

'எவ்வளவு பெரிய உண்மையை எவ்வளவு சுளுவாகச் சொல்லிவிட்டாள்' என்று அவருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து நடைதான். அக்கா அதோடு விடவில்லை. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் குறிப்புத் தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த மாத்திரையைப் பாலோட சாப்பிடக் கூடாதாமே சார்?" என்று கேட்டாள். அவர் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். "ம்," என்றார். அந்தத் தாள்களை அவள் தினமும் கட்டாகக் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போவாள். அலமாரித் தட்டில் விரிக்க என்று அவர் நினைத்திருந்தார்.

நடக்க ஆரம்பித்ததும் டாக்டர் அம்மாவிடமிருந்து புகார் வந்தது.

"இன்னிக்கு நீங்க என் ஜன்னலைத் தாண்டறது பன்னிரண்டாவது தடவை. நாக்கை நீட்டுங்கன்னா நோயாளி நீட்ட மாட்டேங்கறார். உங்களை எண்ணிட்டு இருக்கார்."

"குனிஞ்சு போறேன் டாக்டர்."

குனிந்து போனார். அது இன்னும் மோசமாயிற்று. ஜன்னலுக்குக் கீழே ஒரு வழுக்கைத் தலை மட்டும் நகர்ந்து போவதைப் பார்த்து, ஊசிக்குக் கை நீட்டிய குழந்தை ஊசி போடும் முன்பே அலறியது.

வீட்டிலும் முயன்று பார்த்தார். பெட்டிச் சாவியைக் காணோம். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து புதுக் கண்ணால் தேடினார். கிடைக்கவில்லை. இன்னொரு சுற்று. கிடைக்கவில்லை. சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. மனைவிதான் எடுத்துக் கொடுத்தாள்.

"உங்க ரெண்டாவது ஆளு சம்பளம் குடுக்கிற இடத்துல மட்டும்தான் புத்திசாலி போல," என்றாள்.

"வீடு சின்னது. சுத்து பத்தலை," என்றார் அவர், முழு நம்பிக்கையோடு.

அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. அதே காலையில்தான் துப்புரவு அக்கா, "தங்கச்சி மகளுக்குப் பிரசவம் சார். நாலு நாள் வரமாட்டேன்," என்றாள். "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க," என்றார் அவர், வானத்தைப் பார்த்தபடி. இந்த மழையில் சுற்றி வந்தால் தட்டிலெல்லாம் ஈரம் சொட்டும், மாத்திரை நனையும். என்ன செய்வது? உள்ளறை மேசையையே பத்து முறை சுற்றினார். கண்ணாடியை மாற்றிக்கொண்டார். பார்த்தார்.

ஒரு தவறும் இல்லை. நான்கு நாளும் எல்லா அட்டைகளும் அணிவகுப்பு போல நேராகக் கிடந்தன.

"முதல் ஆளும் தேறிட்டார்!" என்று மனைவியிடம் சொல்லிப் பூரித்துப் போனார்.

ஐந்தாம் நாள் மழை விட்டது. ஒரு லாரி டிரைவர் ஜன்னலில் வந்து நின்றார். கையில் பாதி தீர்ந்த அட்டை.

"சார், இது என்னோடதுதானா பாருங்க. போன மாசம் அம்பதுன்னு போட்டிருந்துச்சு, இப்போ நூறுன்னு போட்டிருக்குன்னு என் வீட்டுக்காரி சொல்றா. நேத்து ஓட்டிட்டுப் போறப்போ தலை சுத்திடுச்சு. வண்டியை ஓரங்கட்டிட்டு ஒரு மணி நேரம் ஸ்டீயரிங்கைப் பிடிச்சபடி உக்காந்திருந்தேன்."

மருந்தாளுநர் அட்டையை வாங்கிப் பார்த்தார். நூறுதான். ஜன்னலைச் சாத்தினார். டிரைவரைக் கையைப் பிடித்து டாக்டர் அம்மாவிடம் அழைத்துப் போனார். அவருக்கு ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகும், அந்த நான்கு நாளில் மருந்து வாங்கிய அத்தனை பேர் வீட்டுக்கும் இரண்டு சாயங்காலங்கள் ஸ்கூட்டரில் போனார். ஒரு வீட்டில் இன்னொரு தவறு, நல்ல காலம், இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறைக்க மனம் வரவில்லை. பதிவேட்டில் உள்ளபடியே எழுதினார்: 'மழை காரணமாக இரண்டாம் ஆள் நான்கு நாட்கள் வரவில்லை. இரண்டு தவறுகள் வெளியே போய்விட்டன.'

பதிவேட்டின் நகல் தலைமை அலுவலகத்துக்குப் போனது. பத்தாம் நாள் கடிதம் வந்தது. 'வட்டக் கையெழுத்து இடும் ஊழியர் மழைக்காக நான்கு நாட்கள் வேலைக்கு வராதது ஏன்?'

'மழையில் அவரால் சுற்றி வர இயலவில்லை' என்று பதில் எழுதினார்.

'அலுவலக நேரத்தில் அவர் ஏன் சுற்ற வேண்டும்?'

'சுற்றாவிட்டால் அவர் வருவதில்லை.'

இதற்கு மூன்று வாரம் பதில் இல்லை. அதற்குள் அவர் பத்துத் தட்டுக்கு ஒரு சுற்றை இரண்டு சுற்றாக்கினார். துப்புரவு அக்காவும் திரும்பி வந்திருந்தாள். இரண்டாம் ஆளும் திரும்பி வந்துவிட்டார், முன்னைவிடக் கூர்மையாக. மூன்று மாதக் கணக்கில் பிடிபட்ட தவறுகள் பதினேழு.

மூன்றாவது கடிதம் நீளமாக இருந்தது. மருந்தாளுநர் அதை வாசலில் நின்றே படித்தார். பதினேழு தவறுகளையும் செய்தவர் முதல் கையெழுத்துக்காரர். பதினேழையும் பிடித்தவர் வட்டக் கையெழுத்துக்காரர். எனவே முதலாமவர் விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து விலக்கப்படுகிறார். இரண்டாமவர், அவருடைய சுற்றும் பழக்கம் மன்னிக்கப்பட்டு, நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குப் பதவி உயர்வில் மாற்றப்படுகிறார். வேறு ஆள் வரும்வரை மருந்தகம் மூடப்படும். இரண்டாமவரை அழைத்துப்போகத் திங்கள்கிழமை அதிகாரி நேரில் வருகிறார்.

செய்தி வரிசைக்குப் பரவியது.

"மூடிட்டா நான் மாத்திரைக்கு ரெண்டு மணி நேரம் பஸ்ல போகணும்," என்றார் பிரஷர் பெரியவர். "நான் போய்ச் சேர்றதுக்குள்ள பிரஷர் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துடும். அந்த ரெண்டாவது ஆளை விடாதீங்க சார். முதல் ஆள் போனாக்கூடப் பரவாயில்லை."

"முதல் ஆள் நான்தான் பெரியவரே."

"தெரியும். பொதுவாச் சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை மனைவி அவர் தட்டைப் பார்த்தாள். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

"உண்மையைச் சொல்லிடுங்க."

"ரெண்டும் நான்தான்னு சொன்னா, பொய்க் கையெழுத்துன்னு வேலை போயிடும். போனாப் போகட்டும். ஆனா அந்த ஆள் இல்லாம, நாளைக்கு யாருக்கோ நூறைத் தூக்கிக் குடுத்துடுவேனேடி. அதை நினைச்சாத்தான் சோறு இறங்கலை."

மனைவி தட்டை எடுத்துப் போனாள்.

திங்கள்கிழமை காலை பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. இறங்கிய அதிகாரி அம்மாள் ஒல்லி, தோல்பை, ஒரு முறை பார்த்தால் அலமாரியில் எத்தனை பெட்டி என்று சொல்லிவிடுகிற கண்கள்.

"எங்கே அவர்?"

"வருவார்மா."

"எப்போ?"

"நான் போனதும்."

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சொல்லுங்க," என்றார்.

மருந்தாளுநர் எல்லாவற்றையும் சொன்னார். உப்பு, வாசல், கண்ணாடி, நூற்று நாற்பது அடி, வட்டம், மழை, டிரைவர் எல்லாம். ஜன்னலுக்கு வெளியே வரிசை முழுவதும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளறையில் துப்புரவு அக்கா தரை துடைக்கிற சத்தம் மட்டும்.

"இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன்," என்றார் அதிகாரி. "தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதனாலதான் அந்த விதியை எழுதினேன். ஆமா, நான்தான் எழுதினேன். நீங்க சொல்றதை நம்பச் சொல்றீங்களா?"

"நான் கண்ணால பாத்தேன்மா."

"அப்போ நானும் பாக்கறேன்."

அவரே எழுந்து உள்ளறைக்குப் போனார். ஜன்னலில் நின்ற பத்துப் பேரின் சீட்டுகளை வாங்கி, பத்துத் தட்டுகளில் தானே மருந்து எடுத்து நீளவாக்கில் அடுக்கினார். மருந்தாளுநரைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லியிருந்தார். "சிலதை வேணும்னே மாத்தி வெச்சிருக்கேன். எத்தனைன்னு சொல்ல மாட்டேன். சுத்துங்க. ஜன்னல் வழியா எட்டிப் பாக்கறீங்களான்னு நானும் பின்னாலயே வர்றேன். உள்ளே யாரும் இல்லையே?"

"யாரும் இல்லைம்மா," என்றார் மருந்தாளுநர், வாளியைத் தாண்டிக்கொண்டே.

"தரை ஈரமா இருக்கு, பாத்து," என்றாள் அக்கா. "மெதுவா சுத்திட்டு வாங்க."

இருவரும் புறப்பட்டார்கள். முன்னால் அங்கியில்லாத மருந்தாளுநர், பின்னால் தோல்பையோடு அதிகாரி. டாக்டர் அம்மாவின் ஜன்னலருகே அவர் பழக்கதோஷத்தில் குனிந்தார். அதிகாரியும் ஏனென்று தெரியாமலே குனிந்தார். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. ஊரின் மருந்தகமே அந்த இரண்டு பேரின் முதுகில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு சுற்று.

உள்ளே வந்து கண்ணாடியை மாட்டினார். முதல் தட்டு, சரி. இரண்டாவது தட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வெளியே வைத்தார். ஐந்தாவதிலிருந்து ஒன்று. எட்டாவதிலிருந்து ஒன்று. அதிகாரியின் புருவம் ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு படி ஏறியது.

"மூணு," என்றார் அதிகாரி மெல்லிய குரலில். "சரியா மூணுதான் மாத்தினேன். கடவுளே!"

"இன்னும் இருக்கும்மா," என்றார் மருந்தாளுநர்.

பத்தாவது தட்டில் ஓர் அட்டை குறுக்கே கிடந்தது. எடுத்து நீட்டினார்.

"அது நான் மாத்தலை."

"சீட்டைப் பாருங்கம்மா. குழந்தைக்கு வயசு அஞ்சு. இது பெரியவங்களுக்கான அளவு."

அதிகாரி சீட்டை வாங்கிப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். பிறகு, மூன்று மாதத்துக்கு முன் மருந்தாளுநர் உட்கார்ந்த அதே முக்காலியில், அவர் உட்கார்ந்தது போலவே உட்கார்ந்தார். வெளியே அந்த ஐந்து வயசுக்காரி கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

பிரஷர் பெரியவர் கம்பியில் முகத்தை அழுத்தி எட்டிப் பார்த்தார்.

"இன்னொரு ஆள் வேணும்னுதான் விதி எழுதினேன்," என்றார் அதிகாரி கடைசியில். "ஒரு மனுஷனுக்குள்ளேயே அந்த இன்னொரு ஆள் காத்துட்டு இருப்பார், சுத்தி வந்து கூப்பிட்டாப் போதும்னு எனக்குத் தோணாமப் போச்சே!" எழுந்து மருந்தாளுநரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மருந்தகம் மூடாது. நீங்க எங்கேயும் போக வேண்டாம், ரெண்டு பேருமே. நாளைக்கே புதுச் சுற்றறிக்கை போடறேன். தனி ஆளா இருக்கிற நாப்பத்திரெண்டு மருந்தகத்துலயும் இனிமே எல்லாரும் கட்டடத்தைச் சுத்தி வரணும்!"

வரிசை கை தட்டியது. மருந்தாளுநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எந்தக் கண்ணாடி என்று அவருக்கே தெரியவில்லை.

துப்புரவு அக்கா துணியைப் பிழிந்து வாளியின் விளிம்பில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நல்லது மேடம். ஆனா அங்கெல்லாம் சார் சுத்தப் போனதும், சீட்டையும் தட்டையும் ஒத்துப் பாத்து, தப்பான அட்டையைக் குறுக்கே திருப்பி வைக்கிற வேலையை யார் பாப்பாங்க?"